அழிக்கப்பட்ட 32 அங்குல வரம்பு குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாண்புமிகு தலைவர் மற்றும் உறுப்பினர்கள், சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், புது தில்லி.

அனுப்புநர்: காவிரிப் படுகையில் தத்தம் வீட்டுக் கூடங்களில் மாலைப் பொழுதைக் கழிக்கும் குடும்பத்தார் (இனி ‘மனுதாரர்கள்’).

பொருள்: தொலைக்காட்சித் திரை – 32 அங்குல வரம்பு நீக்கம் – தஞ்சை வட்டாரக் குடும்பங்களில் முடிவெடுக்க இயலாமை – புதிய வரம்பு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மன்றத்தின் 28, 31, 56ஆவது கூட்ட முடிவுகள்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 279ஏ பிரிவின்கீழ் அமைந்து, ஒன்றிய நிதியமைச்சரைத் தலைவராகவும் மாநில அமைச்சர்களை உறுப்பினர்களாகவும் கொண்டு, மக்கள் வழக்கில் ஜிஎஸ்டி கவுன்சில் என்று அறியப்படும் மாமன்றம், 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய தனது 56ஆவது கூட்டத்தில், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளின் வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைத்தது. வரிக்கு முன் 20,000 ரூபாய் மதிப்புள்ள பெட்டி 25,600 ரூபாயிலிருந்து 23,600 ரூபாய்க்கு இறங்கியது என்ற வகையில் இது வரவேற்கத்தக்கதே. குறைப்பு நடைமுறைக்கு வந்த செப்டம்பர் 22 நவராத்திரியின் தொடக்க நாள் என்பதும், கூடத்தில் இருக்கும் ஒரே நல்ல சுவரைக் கொலுப்படி எடுத்துக்கொண்டு பழைய பெட்டியையே ரேழிக்குத் தள்ளியிருக்கும் வேளையில்தான் பெரிய திரை மலிவானது என்பதும் குறையாகச் சொல்லப்படவில்லை. மனுதாரர்களின் குறை வேறு: மன்றம் வரியைக் குறைத்தபோது, ஏறத்தாழ ஆறே முக்கால் ஆண்டுகளாக அவர்களுக்காக முடிவெடுத்து வந்த ஒரே அளவுகோலையும் சேர்த்து அழித்துவிட்டது.

அந்த அளவுகோலின் வரலாறு மன்றத்துக்கு நினைவிருக்கும். 2018 ஜூலையில் நடந்த 28ஆவது கூட்டம் 68 சென்டிமீட்டர் வரையிலான திரைகளை 18 விழுக்காட்டுக்கு இறக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று கூடிய 31ஆவது கூட்டம் அந்த வரம்பை 32 அங்குலமாக உயர்த்தியது. ஐந்தே மாதங்களில் வரம்பு மட்டுமன்றி அளவை முறையும் சென்டிமீட்டரிலிருந்து அங்குலத்துக்கு மாறியது, மெட்ரிக் அலகுகளையே வணிகத்தில் பயன்படுத்த வேண்டும் என்னும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் நடைமுறையில் இருக்கும் நாட்டில் நிகழ்ந்தது என்பதால், சிறப்புக் கவனத்துக்கு உரியது. அச்சட்டத்துக்கு அஞ்சும் விற்பனையாளர்கள் ‘80 செ.மீ. (32 அங்குலம்)’ என்று விளம்பரம் செய்கின்றனர்; கணக்குப் போட்டுப் பார்த்தால் 32 அங்குலம் 81 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம் என்பதால், காணாமற்போன அந்த ஒரு சென்டிமீட்டருக்கு வரி வசூலிக்கப்பட்டதா என்பது தெளிவுபடுத்தப்பட வேண்டும்.

அந்த டிசம்பர்க் கூட்டத்துக்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர், நவம்பர் 16 அன்று, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. எந்தத் திரையும் ஒளிராத காலத்தில் 32 அங்குலத் திரை மலிவாக்கப்பட்டதை மன்றத்தின் தொலைநோக்கு என்றே இப்பகுதியினர் எடுத்துக்கொண்டனர்.

வரம்பு என்பது மன்றத்துக்குப் புதிதன்று. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டபோது, நெல் விளையும் இந்த நாட்டில் 26 கிலோ மூட்டை என்னும் புதிய வகை மூட்டை பிறந்தது. அரிசியில் வரிக்குத் தப்ப ஒரு கிலோ கூட்ட வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் உயர்ந்த வரிக்குத் தப்ப அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது. இரண்டிலும் அரிசியின் தரமோ திரையின் தரமோ கேட்கப்படவில்லை என்பதில் மன்றத்தின் நடுநிலை வெளிப்படுகிறது.

எனினும் அந்த 32 அங்குல வரம்பு குடும்ப அமைதியைக் காத்தது. மகன் 55 அங்குலம் கேட்டால், “முப்பத்திரண்டுக்கு மேலே போனா இருபத்தெட்டு பர்சென்ட்டுடா” என்ற ஒரு வாக்கியத்தில் தகப்பனார் பேச்சை முடித்துக்கொள்ள முடிந்தது. இன்று அந்த வாக்கியம் செல்லாது. கடைக்காரர் எல்சிடி, எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று வரிசையாகப் பெட்டிகளைக் காட்டுகிறார்; மன்றம் எதற்கும் வேறுபாடு காட்டாததால் குடும்பத்துக்கும் காட்டத் தெரியவில்லை.

இவ்விடத்தில் சில விளக்கங்கள் தேவைப்படுகின்றன. ஏனெனில், மன்றத்தின் முடிவுகளை ஒட்டி வெளியான வரி அறிவிக்கையே தொலைக்காட்சியை ‘எல்சிடி அல்லது எல்இடி உட்பட’ என்று இரு வேறு சாதிகளைப் போலக் குறித்தது. எல்சிடி என்பது திரவப் படிகத் திரை. அது தானாக ஒளிராது, பின்னால் இருக்கும் விளக்கின் வெளிச்சத்தைப் புள்ளிதோறும் திறந்தும் மூடியும் படமாக்கும். அந்தப் பின்விளக்கு முன்பு மெல்லிய குழல்விளக்காக இருந்து, பிறகு எல்இடி எனப்படும் ஒளிகாலும் இருமுனையமாக மாறியபோது அதே பெட்டிக்கு எல்இடி என்று பெயர் சூட்டி விற்றனர். க்யூஎல்இடி என்பதும் பெரும்பாலும் அதே திரவப் படிகத் திரைதான். நீல நிறப் பின்விளக்கின் முன்னே குவாண்டம் புள்ளிகள் எனப்படும் மிக நுண்ணிய படிகங்களைப் பரப்பித் தூய சிவப்பையும் பச்சையையும் பெறுகின்றனர். குவாண்டம் புள்ளிகளுக்காக 2023இல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. கும்பகோணத்துக் கடையில் அது தவணைக்கு வழங்கப்படுகிறது. மினி எல்இடியில் பின்விளக்கு நூற்றுக்கணக்கான சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, இருண்ட இடத்தில் மட்டும் அணைக்கப்படுகிறது. ஓஎல்இடி ஒன்றே உண்மையில் வேறு இனம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி முற்றிலும் அணைந்துவிடும்.

எந்த இனம் எந்தக் கூடத்துக்கு என்பதே மனுதாரர்களின் கேள்வி. தஞ்சை வட்டாரத்துப் பழைய வீட்டில் கூடம் என்பது நான்கு சுவர் கொண்ட அறையன்று. நடுவே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், ஓரமாக ஊஞ்சல், பின்னே இரண்டாங்கட்டுக்கும் அடுக்களைக்கும் போகும் வாசல் என்று அது விரியும். பார்ப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக நேரே உட்காருவதில்லை. தாத்தா ஊஞ்சலில் ஆடியபடி பார்ப்பதால் அவரது பார்வைக் கோணமே நொடிக்கு நொடி மாறுகிறது; பேரப்பிள்ளைகள் பாயில் கிடந்து கீழிருந்து பார்க்கின்றனர்; வீட்டு அம்மாள், குழம்பு கொதிக்கும் இடைவெளியில், அடுக்களை வாசற்காலில் சாய்ந்து மிகப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார். திரவப் படிகத் திரைகளில் விஏ என்னும் வகை நேரெதிரே நல்ல கறுப்பைக் காட்டி, பக்கவாட்டில் வெளிறிப்போகும். ஐபிஎஸ் என்னும் வகை பக்கவாட்டில் நிறம் மாறாமல் நின்று, இருட்டில் கறுப்பைச் சாம்பலாகக் காட்டும். ஆகவே விஏ திரையை வாங்கிய வீட்டில் தாத்தாவும் அம்மாளும் ஒரே தொடரின் இரு வேறு நிறப் பதிப்புகளைப் பார்க்கின்றனர். கதாநாயகியின் புடவை அரக்கா, வெளிர் ரோஜாவா என்ற தகராறு அங்கேதான் தொடங்குகிறது. திரையின் மூலைவிட்டத்தை, அதாவது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையிலான நீளத்தை, அரைச் சென்டிமீட்டர் பிசகாமல் கவனித்த அரசு, அடுக்களை வாசலின் கோணத்தை ஒருநாளும் அளந்ததில்லை. முதல்வர் கருணாநிதியின் ஆட்சியில் 2006இல் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வழங்கப்பட்ட 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சியில் இந்தத் தொல்லை இருந்ததில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிக்சர் டியூப் வைத்த அந்த டப்பாப் பெட்டி எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே நிறம் காட்டியது, பூனை படுக்க மேலே இடமும் தந்தது.

கோணத்தைக் கருதி ஓஎல்இடி வாங்கலாம் எனில், முற்றம் குறுக்கிடுகிறது. பிற்பகல் மறு ஒளிபரப்பின்போது முற்றத்து வெயில் கண்ணாடித் திரையில் விழுந்து, கதாநாயகியின் முகத்தின்மேல் கொடியில் காயும் வேட்டி தெரிகிறது. அந்த வெளிச்சத்தை எதிர்த்து நிற்கும் பிரகாசம் மினி எல்இடிக்கே அதிகம். மேலும், ஓஎல்இடியில் ஒரே உருவம் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றால் அப்புள்ளிகள் தேய்ந்து நிழல் படிந்துவிடக்கூடும். காலையில் ராசிபலன் முதல் இரவுச் செய்தி வரை ஒரே அலைவரிசை ஓடும் வீடுகளில், அந்த அலைவரிசையின் சின்னம் திரையின் மூலையில் நிரந்தரமாகக் குடியேறிவிடும் என்பதால், வாடகை ஒப்பந்தம் தேவையா என்றும் மன்றம் தெரிவிக்கலாம்.

மினி எல்இடியின் பிரகாசத்துக்கு இப்பகுதியில் வேறொரு விளைவும் உண்டு. சம்பாப் பயிர் தூர் கட்டும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில், நெல்லுக்குத் துங்ரோ நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடிக் கூட்டங்கூட்டமாக வீட்டுக்குள் வரும். குழல்விளக்கை அணைத்துவிட்டு உட்காருவதே வழக்கம். அப்போது வீட்டிலேயே பிரகாசமான பொருள் தொலைக்காட்சித் திரையாகிவிடுவதால், செய்தி வாசிப்பவரின் நெற்றியிலும் கன்னத்திலும் பச்சைப் புள்ளிகள் அமர்ந்து, துள்ளி, மீண்டும் அமர்கின்றன. இப்பூச்சிகளைக் கவர்ந்து அழிக்க வயலில் விளக்குப்பொறி வைக்குமாறு வேளாண் துறை பரிந்துரைக்கிறது. வேளாண் கருவிகள் பலவற்றின் வரியை 56ஆவது கூட்டமே 5 விழுக்காடாகக் குறைத்திருப்பதால், மினி எல்இடி தொலைக்காட்சியை, ஐப்பசி முதல் தேதியிலிருந்து கார்த்திகை முடிய மட்டுமாவது, விளக்குப்பொறியாக வகைப்படுத்தி அந்தச் சலுகையை நீட்டிப்பதில் சட்டத் தடை இருக்க முடியாது.

திரை எதுவாயினும் அதில் ஓடுவது என்ன என்ற கேள்வியை விரைந்து கடந்துவிடலாம். 4கே எனப்படும் திரையில் 3840க்கு 2160 என்ற கணக்கில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. கேபிளில் வரும் சாதாரணத் தர அலைவரிசை 720க்கு 576 என்ற கணக்கில் நான்கு லட்சத்துச் சொச்சமே தருகிறது. சரியாக இருபதில் ஒரு பங்கு படம் வருகிறது, மீதிப் பத்தொன்பது பங்கைப் பெட்டி ஊகித்து நிரப்புகிறது. முழுத் திரைக்கும் வரி செலுத்துபவர் ஊகத்துக்கும் சேர்த்தே செலுத்துகிறார்.

முடிவெடுக்கும் முறைக்கும் மனுதாரர்கள் மன்றத்தையே முன்மாதிரியாகக் கொண்டு பார்த்தனர். மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு என்பது விதி. அதைக் கூடத்தில் நடைமுறைப்படுத்தியபோது, பணம் கட்டும் தகப்பனாரால் தனியாக எதையும் நிறைவேற்ற முடியவில்லை, ஆனால் எதையும் தடுக்க முடிந்தது. தாத்தா ஐபிஎஸ்ஸையும், பேரன் ஓஎல்இடியையும், அம்மாள் விலையையும் ஆதரித்ததில் தீர்மானம் எதுவும் நான்கில் மூன்றைத் தொடவில்லை. ரேழிக்குப் போன பழைய 32 அங்குலம் கொலு முடிந்து மீண்டும் அதே சுவருக்குத் திரும்பியது.

ஆகவே, அங்குலத்தை விடுத்துக் கோணத்தின் அடிப்படையில் புதிய வரம்பு வகுத்து, அடுக்களை வாசலிலிருந்து நிறம் மாறாமல் தெரியும் திரைக்குக் குறைந்த வரியும், நேரெதிரே நாற்காலி போட்டு அமர்பவருக்கு மட்டும் தெரியும் திரைக்கு உயர்ந்த வரியும் விதிக்குமாறும், இதனை ஆராய அமைச்சர்கள் குழு ஒன்றை அமைத்து, ஐப்பசி மாதத்தில், மழை நாளொன்றில், இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை தஞ்சை வட்டாரக் கூடமொன்றுக்கு அனுப்பி வைக்குமாறும் மன்றம் கேட்டுக்கொள்ளப்படுகிறது. குழுவினருக்குப் பாயும், மின்சாரம் போனால் விசிறியும் தரப்படும். குழுத் தலைவருக்கான இடம் அடுக்களை வாசற்காலில் ஒதுக்கப்பட்டுள்ளது. அவரே குழம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
மனுதாரர்கள்.

இணைப்பு: அங்குலமும் சென்டிமீட்டரும் இருபுறமும் குறித்த தையற்கார நாடா, ஒன்று. பாகைமானி, ஒன்று (பேரனுடையது, தேர்வுக்கு முன் திருப்பியனுப்பவும்).