முயலகன் போதும்

கேள்வி: எழும்பூர் மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பத்தாவது நிமிஷமே, "எப்பம்மா போலாம்?" என்கிறார்கள். என்ன செய்வது?
(வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்)

பதில்: பத்து நிமிஷம் நின்றார்களா? கெட்டிக்காரப் பிள்ளைகள்! 1851-ல் தொடங்கிய மியூசியத்தை ஒரே பகலில் சுற்றினால் நமக்கே கால் கடுக்கும். வெண்கலக் கூடத்துத் திருவாலங்காட்டு நடராஜர் ஒருவரே போதும். அவர் காலடியில் கிடக்கும் முயலகனைக் காட்டுங்கள். அவனைப் போலவே தரையில் படுத்துப் பார்ப்பார்கள், விடுங்கள்.

அடுத்த ஞாயிறு தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். அங்கே ராமன் சிற்பமுள்ள தூணருகே நின்றால் வாலி தெரிவான். வாலி தூணருகே நின்றால் ராமன் தெரியமாட்டான். அண்ணனை அங்கே, தங்கச்சியை இங்கே நிறுத்துங்கள். "தெரியுது!", "எனக்குத் தெரியலையே!" என்று இடம் மாறி மாறி ஓடுவார்கள். "போலாம் வாங்கடா" என்று நீங்கள்தான் கெஞ்சுவீர்கள்.