பத்து காஜாவுக்கு எத்தனை பொத்தான்?

மலேசியாவின் பேராக் மாநிலத் தலைநகரைத் தமிழில் எழுதினால் அது ஊர்ப் பெயராக நிற்பதில்லை, ஈ ஓட்டும் வேலையாகிவிடுகிறது. ஈப்போ! பசியாற உட்கார்ந்த மேசையில் சொன்னால் இன்னும் பொருத்தம். அங்கே போகும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர் "இப்போ ஈப்போ போனாத்தான் உண்டு" என்றால், தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளிக்கு நாக்குப் பயிற்சி நடப்பதாகத்தான் தோன்றும்.

ஈக்கும் ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஈப்போ என்பது ஒரு மரம். அதன் பாலைத்தான் பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்புகளின் நுனியில் நஞ்சாகத் தடவினார்கள். ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் அந்த மரம் ஒன்று நிற்கிறது. நஞ்சு என்றதும் ஜெர்மன் மொழி நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயர் பரிசு என்று நீட்டும் 'கிஃப்ட்', அதே எழுத்துகளோடு ஜெர்மனியில் நஞ்சாகிவிடும். ஆனால் அந்த இரண்டும் 'கொடுப்பது' என்ற ஒரே வேரில் கிளைத்தவை. பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு வேறு. பேராக்கில் நடப்பது அதைவிட வேடிக்கை. இங்கே பிறந்த வீடும் வேறு, புகுந்த வீடும் வேறு, முகஜாடை மட்டும் அச்சு அசலாக ஒன்று.

மலாயில் சோற்றுக்கு 'நாசி' என்று பெயர். மலேசியத் தமிழ் நாளிதழ்கள் அதைக் கூசாமல் அப்படியே எழுதுகின்றன. தமிழில் நாசி என்றால் சமஸ்கிருதத்திலிருந்து வந்த மூக்கு. ஆகவே தேங்காய்ப்பாலில் வேகவைத்து, சம்பலும் நெத்திலியும் நிலக்கடலையும் வைத்துத் தரும் 'நாசி லெமாக்', சொல்லுக்குச் சொல் பார்த்தால் கொழுப்புச் சோறு; தமிழ்க் கண்ணுக்கோ கொழுப்பேறிய மூக்கு. போதாக்குறைக்கு ஹிட்லரின் கட்சிக்காரர்களையும் சிலர் நாசி என்றே எழுதுகிறார்கள்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'நாசி கண்டார்' என்ற கடைப் பலகையின் கீழே விருந்தாளி நின்றுவிடுகிறார். யார் கண்டார்? யாருடைய நாசியை? கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித்தடி. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் அந்தத் தடியில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால் வந்த பெயர். ஈப்போவில் அதே சாப்பாட்டுக்கு இன்னொரு செல்லப்பெயர் உண்டு: 'நாசி கஞ்சா'. ஒருமுறை தின்றவன் மறுநாளும் வருவான் என்பதற்காக வைத்தது. இலை எதுவும் கலப்பதில்லை. ஆனாலும் இரண்டு சொல்லையும் தமிழில் சேர்த்துப் படித்தால் சுங்கத்துறை பிடித்த ஆசாமியின் செய்தி போலத்தான் இருக்கிறது.

பேராக் வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் பொழுது நன்றாகப் போகும். தெற்கே போகும் வழியில் 'தாப்பா'. மலாயில் அது ஆற்றில் வாழும் பெரிய மீன். நம் வீடுகளில் கதவுக்குப் போடுவது. மேற்கே 'ஆயர் தாவார்'. மலாயில் உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர். தமிழில் ஆயர் என்பவர் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைவர், தாவார் என்றால் தாவமாட்டார். அவர் தாவுவார் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக அமைந்த முழு வாக்கியம் ஓர் ஊருக்குப் பெயராக வாய்ப்பது பெரும் பாக்கியம்.

இவற்றுக்கெல்லாம் மணிமுடி 'பத்து காஜா'. மலாயில் பாத்து என்றால் கல், காஜா என்றால் யானை. இந்தக் காஜா, நம் கஜம் வந்த அதே சமஸ்கிருத வழியில் வந்தது. அதில் தகராறு இல்லை. ஆனால் தமிழ்நாட்டுத் தையற்கடையில் காஜா என்றால் சட்டையில் பொத்தான் நுழையும் ஓட்டை. அது போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல் என்பார்கள். ஆந்திரத்தில் காக்கிநாடாவுக்குப் போனால் அதே காஜா பாகில் ஊறிய இனிப்பு. ஆக, யானைக்கல் என்ற கம்பீரமான ஊர் தமிழெழுத்தில் பத்துப் பொத்தான் ஓட்டையாகிக் கிடக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் அரைகுறையாக நின்றுபோன மாளிகை இருக்கிறது. கட்டியவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் கும்பிட எழுப்பிய மாரியம்மன் கோயிலின் மேலே, தெய்வங்களுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் சிலையும் நிற்கிறது. பத்தில் சில காஜாக்கள் அந்தக் கோட்டில் இருக்கக்கூடும்.

குற்றவாளி தமிழெழுத்துதான். ஒற்றைத் த போட்டால் ஓசை மெலிந்துவிடும், ஆகவே 'த்த' போட வேண்டியிருக்கிறது. பகரத்துக்கு இரண்டு ஒலி, ககரத்துக்கு இரண்டு ஒலி. மலாய் உயிரெழுத்துகளோ குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவே ஊசலாடும். இந்தச் சல்லடையில் விழுகிற வெளிச்சொல் ஏதாவது ஒரு தமிழ்ச் சொல்லின் உருவத்தில்தான் வெளியே வரும். அப்படித்தான் கோலாலம்பூருக்கு வெளியே இருக்கும் முருகன் தலம் பத்துமலையானது. மற்ற ஒன்பதும் எங்கே என்று எண்ணியவர்கள் உண்டு. அங்கேயும் பத்து என்பது கல்தான். ஈப்போவில் குனோங் சேரோ சுண்ணாம்புக் குன்றில் இருக்கும் முருகன் கோயிலுக்கோ பெயர் கல்லுமலை. ஒரே பெயரை முருகன் ஓரிடத்தில் தமிழிலும் ஓரிடத்தில் மலாயிலும் வைத்துக்கொண்டிருக்கிறான். பக்தர்களுக்குத்தான் தெரியவில்லை.

ரோமன் எழுத்திலும் ஆபத்து குறைவில்லை. பெட்ரோல் நிலையத்தில் ஏ, ஐ, ஆர் என்று எழுதிய குழாயைப் பார்த்து, டயருக்குக் காற்றடிக்கலாம் என்று போகிற வெளிநாட்டுக்காரர் தண்ணீரோடு திரும்புவார். அது ஆயர் தாவாரின் அதே 'ஆயர்'. காற்று வேண்டுமென்றால் 'ஆங்கின்' என்று தேட வேண்டும். முன்பு வண்ணப்பூச்சுக்கான சொல்லை 'ச்' ஓசைக்காக சி, ஹெச் இரண்டும் போட்டு எழுதினார்கள். 1972 ஆகஸ்ட் 16 அன்று மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துமுறையை ஒன்றாக்கிய வேகத்தில் ஹெச் கழன்றது. மிச்சமிருந்த சி, ஏ, டி ஆங்கிலத்தில் பூனை. கடைவாசலில் அதை எழுதிப்போட்டு உள்ளே டின் டின்னாகப் பெயிண்ட் விற்கிறார்கள். மெய்யான பூனைக்கு மலாயில் கூச்சிங். அந்தப் பெயரில் சரவாக்கில் ஒரு நகரமே இருக்கிறது. பள்ளி திறக்கும் வாரத்தில் கொடுக்கும் சாமான் பட்டியல் இன்னும் மோசம். கோப்புக்கு மலாய் எழுத்து எஃப், ஏ, ஐ, எல். பிள்ளை முதல் வகுப்புக்குப் போகும் முன்பே 'ஃபெயில்' ஒன்று வாங்கிவரச் சொல்கிறார்களே என்று எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு மலாயோடு ஆங்கிலமும் கைகொடுத்தது. விடியுமுன் தொழிலாளர்கள் கூடி வருகை கொடுக்கும் இடம் 'பெரட்டு'. துரைமார் சொன்ன 'பரேட்', தமிழ் வாயில் புரண்டு புரண்டு அப்படியானது. அதற்கும் மலேசியச் சமையலின் பெருமையான கோழிப் பெரட்டலுக்கும் சம்பந்தமில்லை. இருட்டில் எழுந்து வெறும் வயிற்றோடு நின்றவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். பெயர் கூப்பிடுகிறவர் 'கிராணி'. மலாயில் எழுத்தரைக் கிரானி என்பார்கள். சித்த வைத்திய நூல்களிலோ கிராணி என்பது நிற்காத வயிற்றுப்போக்கு. சம்பள நாளில் இரண்டு பொருளும் பொருந்திவிடுவதாகச் சொல்வார்கள். பால் வடியும் கிண்ணம் 'மங்கு', மலாய் மங்கோக்கின் குறுக்கம்; ஏழரைச் சனியின் முதல் சுற்றான மங்கு சனிக்கும் அதற்கும் உறவு தேடக்கூடாது. வரிசை வீடுகளுக்கு 'லயம்'. ஆங்கில 'லைன்' அது. ஆனால் கச்சேரிக்காரர் காதில் சமஸ்கிருதத் தாளமாக விழும். சுவருக்கு அந்தப்பக்கம் அழும் குழந்தை, இந்தப்பக்கம் இருமும் கிழவர் என்று தாளத்துக்கும் குறைவிருக்கவில்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன. ஜனங்கள் 'தாமான்' எனப்படும் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தார்கள். மலாயில் தாமான் என்றாலும் தோட்டம்தான்.

அப்படி வந்தவர்களில் ஒட்டுக்கடைக்கு ஓர் ஐயா வீதம் உண்டு. ஈப்போவின் புந்தோங் பக்கம், கச்சாங் பூத்தே என்ற கடலை நொறுக்குகளை வறுக்கும் வாசனை வருகிற கடைகளில் இன்னும் அதிகம். முன்னாள் கிராணியாக இருந்தால் வாதம் பலமாக இருக்கும். "மலாய்ல பாதி நம்மளோடதுதான் தம்பி" என்று தேத்தண்ணி ஆறும்வரை விளக்குவார். பாதி என்பது மிகை. ஆனால் அவர் அடுக்கும் சான்றுகள் கெட்டியானவை: கெடை என்பது கடை, காப்பால் என்பது கப்பல், காத்தில் என்பது கட்டில், மோடால் என்பது வியாபாரத்தில் போடும் முதல், மெம்பெலாம் என்பது மாம்பழம்.

வண்டி தடம் புரள்வது நீச்சல் குளத்தில். அங்கே மலாய்ப் பலகை 'கோலாம்' என்கிறது. தீபாவளிக்குப் பேரங்காடி நடுவே நிறம் ஏற்றிய அரிசியில் போடுகிறார்களே, அதுவும் ரோமனில் அதே எழுத்துகள். "பாத்தியா, நம்ம கோலத்த எடுத்துத் தண்ணி ஊத்தி வச்சிருக்கான்" என்கிறார் ஐயா. எடுத்தது தமிழிலிருந்துதான், ஆனால் வாசல் கோலத்தை அல்ல, குளத்தை. சொந்தம் சரி, ஆள்தான் மாறிப்போனார்.

இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பேரன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றால் கச்சேரி உச்சத்துக்குப் போகும். மலாயில் அதற்குத் 'தாலி லேஹேர்' என்று பெயர். லேஹேர் கழுத்து, தாலி கயிறு. "கழுத்துல கட்டுறது தாலி. இதுக்கு மேல என்னடா ஆதாரம் வேணும்?"

பேரன் கைப்பேசியைத் தட்டுகிறான். கயிற்றைத் தாலி என்பது மலாய் மட்டுமில்லை, தாத்தா. பிலிப்பைன்ஸ்காரனும் தாலி என்கிறான். ஃபிஜித் தீவில் அது டாலி. கடலோடி இனங்கள் தீவு தீவாகக் கொண்டுபோன பழைய சொல், நம் தாலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஐயா அசரவில்லை. "1025ல ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல்ல வந்தான். அதோட திரும்பிட்டான்னு உனக்கு யாரு சொன்னா?"

"அப்படின்னா பிலிப்பைன்ஸ்காரங்கெல்லாம் நமக்குச் சம்பந்தியா தாத்தா?"

"சம்பந்திதான். சீர் கொண்டுட்டுதான் இன்னும் யாரும் வரல."