அப்கிரேடு அண்ணன்

காரைக்குடியில் நாலு கிளையும் நாற்பது கம்ப்யூட்டரும் உள்ள கம்பெனி என்றால் அங்கே அப்கிரேடு அண்ணன் ஒருவர் இருப்பார். சட்டைப்பையில் பென் டிரைவ், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் எந்நேரமும் ஓர் எக்ஸெல் பிரின்ட் அவுட். அதன் தலைப்பு: ‘மெயில் சர்வர் மாற்றும் திட்டம் – இறுதி வடிவம் – 14’.

அண்ணன் வேலையில் புலி. எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரின் 2016, 2019 பதிப்புகள் இரண்டையும் மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு கைகழுவியது என்பது அவருக்கு மனப்பாடம். 2019 வைத்திருப்பவர்கள் இருந்த சர்வரிலேயே புதுப் பதிப்புக்கு ஏறிவிடலாம். நம் கம்பெனியிலோ 2016. பக்கத்தில் புது சர்வரை எழுப்பி, ஒவ்வொருவர் மெயில் பெட்டியாக நகர்த்தி, அப்புறம்தான் பழசை அணைக்க வேண்டும். எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு வரைந்து வைத்திருக்கிறார். வெள்ளி இரவு மாற்றம், சனி ஞாயிறு சோதனை. ‘ரோல்பேக்’ என்ற பத்திக்குப் பக்கத்திலேயே ‘ராகு காலம்’ என்று இன்னொரு பத்தி.

சிக்கல் எல்லாம் மனுஷாளிடம்தான். “128 ஜிபி ராம் வேணும்னு மைக்ரோசாஃப்டே சொல்றாண்ணே” என்றால், கணக்குப்பிள்ளை கண்ணாடியை இறக்கிவிட்டு, “இருக்கிற 32-ஐயே யாரு முழுசாப் பார்த்தா?” என்பார். ஆபீஸ் நடப்பது பழைய செட்டிநாட்டு வீட்டில். முன்பு நெல்மூட்டை அடுக்கிய இரண்டாங்கட்டு அறையில்தான் சர்வர். சுவர் கனத்துக்கு வைஃபை வெளியே எட்டிப் பார்ப்பதில்லை. ஏசி குழாய்க்கு ஒரு ஓட்டை போட அந்த வீட்டு ஆச்சி இன்னும் சம்மதிக்கவில்லை.

முதலாளியின் மெயில் பெட்டி மட்டும் பாதி டிஸ்க். “பழசைக் கொஞ்சம் அழிச்சா நல்லதுங்க.”

“எங்க ஐயா ரங்கூன்லேருந்து எழுதின கடுதாசியே பெட்டகத்துல பத்திரமா இருக்கு. 2009-ல வந்த மெயிலை அழிக்கச் சொல்றியே, நல்லாருக்கா?”

அண்ணனிடம் பதில் இல்லை. கொட்டேஷனில் டிஸ்க் எண்ணிக்கையைத்தான் கூட்டினார்.

புதுப் பதிப்பு 2025 ஜூலை 1-ல் வந்தது. கொட்டேஷன் வாங்குவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுசு எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணியில் முதலாளிக்கு வரிசையாகக் கல்யாண அழைப்பு. அப்புறம் புரட்டாசி. அக்டோபர் 14 வந்தது, போனது. மெயில் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. “அதான் ஓடுதே!” என்றார்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனதைச் சொல்ல வாயெடுத்தார். தீபாவளி போனஸ் பேச்சு வந்துவிட்டது. பிறகு பிள்ளையார் நோன்பு. கடைசியில் “பொங்கல் கழியட்டும்” என்று உத்தரவானது. அண்ணன் சளைக்கவில்லை. உட்கார்ந்து இறுதி வடிவம் 15-ஐ எழுதினார்.

இதில் ‘எம்எக்ஸ் ரெக்கார்டின் டிடிஎல்லை முன்கூட்டியே 300 வினாடிக்குக் குறைக்கவும்’ என்று சிவப்பில் ஒரு வரி உண்டு. அதைச் செய்யாவிட்டால் மாற்றிய பிறகும் வெளி மெயில்கள் வெகுநேரம் பழைய சர்வரையே தேடிப் போகும். கம்பெனியில் யாருக்கும் அந்த வரி புரியாது. புரியாததால்தான் அதற்கு மட்டும் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

உங்கள் ஆபீஸிலும் இப்படியோர் அண்ணன் இருப்பார். அவருக்கு உதவ நினைத்தால் ஒன்று செய்யுங்கள்: முக்கியமான வவுச்சர்களை ‘டெலீட்டட் ஐட்டம்ஸ்’ ஃபோல்டரில் பத்திரப்படுத்தி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அவர் அதைக் காலி செய்யத்தான் போகிறார், பொங்கல் கழித்து.