பாதரசப் பெருமானின் திக்விஜயம்

கோட்டையை முற்றுகையிட்டு, யானையை விட்டுக் கதவைப் பிளந்து உள்ளே புகுந்த வேந்தர்களைப் பாடிப் பாடிப் புலவர்களின் நா தழும்பேறிவிட்டது. அதெல்லாம் முரட்டு வீரம். மெத்தில் பாதரசப் பெருமானின் வீரமோ மென்மையின் சிகரம். அவர் எழுந்தருளும் இடத்தில் கதவு தானே திறக்கும். வாயிற்காவலனே கைலாகு கொடுத்து உள்ளே அழைத்துச் செல்வான்.

உயிருள்ள உடல் என்பது கடுமையான கட்டுக்காவல் உள்ள ஊர். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சவ்வு. வேண்டியதை உள்ளே விடும், வேண்டாததை வெளியே தள்ளும். வெறும் பாதரசத்தை ஒருவர் தவறி விழுங்கிவிட்டால், அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குடலைத் தாண்டி இரத்தத்தில் சேராது. ஆனால் ஒரு கரி அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் மகுடத்தைச் சூட்டிக்கொண்டு அவரே வரட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உள்ளே போய்விடும். அங்கே சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தைத் தோளோடு தோள் சேர்த்துக்கொள்வார். பார்வைக்கு மெத்தியோனின் என்னும் சத்துப்பொருள் போலவே இருப்பார். மூளையின் வாசலில் நிற்கும் காவலன், பசித்த பிள்ளைக்குச் சோறு வந்ததென்று நம்பி வழிவிடுவான். நம்பிக்கையையே பல்லக்காக்கி ஏறி வந்த பேரரசர் வேறு யார்?

இந்தப் பெருமானை உலகறியச் செய்த வள்ளன்மை, ஜப்பானின் கியூஷு தீவில் மினமாட்டா என்னும் சிற்றூரில் இருந்த சிஸ்ஸோ ஆலையைச் சேரும். 1932 முதல் அங்கே அசிட்டால்டிஹைடு தயாரித்தார்கள். பாதரசம் அதற்கு வினையூக்கி; அதில் ஒரு பங்கு அங்கேயே மெத்தில் மகுடம் சூடிக்கொண்டது. கழிவை ஊர் வளைகுடாவுக்கே தானம் செய்தார்கள். தண்ணீரிலிருந்து பெருமானை நுண்ணுயிர் எடுத்துக்கொண்டது. நுண்ணுயிரைச் சின்ன மீன் தின்றது. சின்ன மீனைப் பெரிய மீன். படிக்குப் படி பெருமானின் செல்வாக்கு உயர்ந்து, கடல் நீரில் இருந்ததைப்போல் பல லட்சம் மடங்காகி, மீனவக் குடும்பத்தின் தட்டில் வந்து அமர்ந்தார். மூன்று வேளையும் மீன் உண்ணும் ஏழைகளையே தேடி வந்த அந்தச் சமத்துவத்தை என்னென்பது! வந்தவர் லேசில் கிளம்பவும் மாட்டார். உடலில் உள்ளதில் பாதி கழியவே ஏறத்தாழ எழுபது நாள் ஆகும். அதற்குள் அடுத்த வேளை மீன், அதற்கடுத்த வேளை மீன்.

பூனைகள்தாம் முதலில் அவர் அவையில் ஆடின. சுழன்று சுழன்று ஆடி, சில கடலிலேயே விழுந்தன. பிறகு மனிதர்களுக்கும் அருள் கிட்டியது. விரல்கள் மரத்துப்போயின, சட்டைப் பொத்தான் போடும் சிரமம் நீங்கிற்று. குழாய் வழியே பார்ப்பதுபோல் பார்வை குறுகிற்று. உலகின் வேண்டாத பக்கங்களெல்லாம் மறைந்தன. நா குழறிற்று, முறையிடும் வேலையும் மிச்சம். 1956 மே 1 அன்று ஆலையின் சொந்த மருத்துவமனைத் தலைவரே இனந்தெரியாத நரம்பு நோய் பரவுவதாக அரசுக்குத் தெரிவித்தார். தொற்றுநோய் என்று பயந்து அக்கம்பக்கத்தார் நோயாளி வீடுகளை ஒதுக்கினார்கள். ஆலை அவர்களைத் திருத்தவில்லை. பிறர் நம்பிக்கையில் தலையிடாத பண்பு அது. அவ்வளவு பெருந்தன்மையும் ஒரு வளைகுடாவுக்குள் அடங்குமா? 1958-இல் கழிவு வாயை ஆற்று முகத்துவாரத்துக்கு மாற்றினார்கள். அடுத்தடுத்த கரையோர ஊர்கள் ஏங்கிப்போகக் கூடாதல்லவா?

1959-இல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெருமானின் இனமாகிய கரிமப் பாதரசமே காரணம் என்றார்கள். அதே ஆண்டு, ஆலைக் கழிவைக் கலந்த உணவு தின்ற பூனை ஒன்று அதே ஆட்டத்தை ஆடிக் காட்டியது. சோதனை செய்தவர் அந்த மருத்துவமனைத் தலைவர்தான். ஆலை அம்முடிவை வெளியே விடவில்லை. தன் புகழைத் தானே பேசாத அடக்கத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ! டிசம்பரில் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றைத் திறந்துவைத்து, நிறுவனத் தலைவர் சுத்தமான நீர் என்று ஒரு குவளையை ஊரறியக் குடித்தார். அந்த இயந்திரம் கரிமப் பாதரசத்தை அகற்றச் செய்யப்பட்டதே அன்று என்பதைச் சொல்லி விழாவைக் கெடுக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் அனுதாபத் தொகையும் வந்தது: இறந்தவருக்கு 3 லட்சம் யென். பின்னால் ஆலையே காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று ஒரு வரி, அத்தனை தீர்க்கதரிசனத்தோடு! 1973-இல் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் நல்லொழுக்கத்துக்கே விரோதம் என்று தள்ளிவிட்டது. நீதிபதிகளுக்குக் கலை ரசனை போதாது. அரசின் பொறுமையையும் போற்றத்தான் வேண்டும். 1968 மே மாதம் அசிட்டால்டிஹைடு தயாரிப்பு நின்றது. விருந்து முடிந்து இலையெடுத்த பிறகு, செப்டம்பரில், சமையலில் விஷம் என்று அரசு அறிவித்தது.

ஆயினும் பெருமானின் திருவிளையாடல்களில் தலையாயது கருவறையில் நடந்தது. தாய்க்கும் சேய்க்கும் நடுவே இருக்கும் உறுப்பு, நச்சுப்பொருளை மறித்து நிறுத்தும் அரண் என்றே மருத்துவர்கள் அதுவரை நினைத்திருந்தார்கள். சோறும் காற்றும் போகும் அதே வழியில் பெருமான் நடந்து போனார். போனதோடு நில்லாமல், தாயின் இரத்தத்தைவிடச் சேயின் இரத்தத்தில் அதிகமாகக் குடியேறினார். தாய் ஓரளவு நடமாட, பிள்ளை தலை நிற்காமல் பிறந்தது. தங்கள் உடம்பின் நஞ்சைத் தன் பங்காக வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை என்று சில தாய்மார் அந்தக் குழந்தையைச் செல்வம் என்றே கொண்டாடினார்கள். நஞ்சுக்கொடி என்று தமிழில் நாம் வைத்த பெயரை எழுத்துக்கு எழுத்து மெய்யாக்கிய மகானுபாவர் அவர்.

காய்ந்த தொப்புள்கொடியைச் சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியத் தாய்மாரின் வழக்கம். பின்னாளில் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் அவற்றைக் கேட்டு வாங்கி அளந்து பார்த்தார்கள். ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் பிறந்தவர்களின் கொடியில் பாதரசமும் ஏறியிருந்தது. இறங்கிய ஆண்டுகளில் இறங்கியிருந்தது. பெருமானின் வரவு செலவு அந்தப் பெட்டிகளில் இருந்தது.