மாமாவுக்கு ஒரு கோபிசந்த்

செகந்திராபாத் பத்மாராவ் நகரில் எந்தத் தெருவில் நின்று "மாமா!" என்று கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் வேட்டிக்குக் கீழே விலையுயர்ந்த ரன்னிங் ஷூ போட்டிருப்பவர் யாரோ, அவர்தான் நம்மவர். ரயில்வேயிலோ பாங்கிலோ ரிட்டயரானவர். சுகர் லேசாக எட்டிப் பார்க்கிறது. தொப்பை எட்டிப் பார்ப்பதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டு வெளியே வந்தே நிற்கிறது. பத்து கிலோ இறக்க வேண்டும் என்பது லட்சியம்.

மனக்கட்டுப்பாடு பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. அது 2016-ல் பிறந்தது. ரியோ ஒலிம்பிக்ஸ் பாட்மிண்டனில் நம்ம ஊர் சிந்து வெள்ளி வாங்கியதும், கோச் கோபிசந்த் நிருபர்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: மூன்று மாதமாக சிந்துவிடம் போன் இல்லை, ரியோ வந்த பிறகு இனிப்புத் தயிரும் ஐஸ்கிரீமும்கூடக் கட், இனிமேல் இஷ்டப்பட்டதைச் சாப்பிடலாம். ஊரே சிந்துவின் வைராக்கியத்தை மெச்சியது. மாமா மட்டும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "போனை வாங்கி வச்சுண்டது யாரு? கோபிசந்த். ஐஸ்கிரீமை நிறுத்தினது யாரு? கோபிசந்த். நேக்கும் அப்படி ஒருத்தர் கெடைச்சா எறக்கிக் காட்டறேனா இல்லையா, பாரு!"

அதே கோபிசந்த் 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற கையோடு கோலா விளம்பரம் வேண்டாமென்று மறுத்தவர். அப்போது அவருக்கு யார் கோபிசந்த் என்று கேட்டால் மாமாவுக்குக் காது மந்தமாகிவிடும்.

கோபிசந்தின் கச்சிபௌலி அகாடமியில் மாமாவைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அந்த உத்தியோகம் மாமி தலையில் விழுந்தது. மிக்சர் டின் பரணுக்குப் போனது. மாமா ஸ்டூல் போட்டு ஏறினார். "ஏறி எறங்கறதும் எக்ஸர்சைஸ்தானேடி!" டின் அங்கிருந்து மூன்றாவது மாடி ரெட்டி காரு வீட்டுக்குக் குடிபோனது. லிப்ட் இல்லாத கட்டடம். விருந்தாளி வரும்போதெல்லாம் மாமி மூன்று மாடி ஏறி மிக்சர் கொண்டுவருவார், அவர்கள் கிளம்பியதும் மறுபடி ஏறித் திருப்பி வைப்பார். விருந்தாளியைப் போனில் வரவழைப்பது மாமாதான் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது.

மாமாவின் சித்தாந்தத்தை நான் முழுக்கப் பரிகசிக்க மாட்டேன். வீட்டில் முறுக்கு இல்லாத நாளில்தான் நானும் முறுக்குத் தின்னாத உத்தமன்.

ஆனால் வீட்டுக்கு வெளியே ஹைதராபாத் இருக்கிறதே! காலை நடை இரானி ஹோட்டல் வாசலில் தானாக நின்றுவிடும். உஸ்மானியா பிஸ்கட்டை இரண்டு விரலால் பிடித்து சாயில் முக்கி, நனைந்த பாதி முறிந்து உள்ளே விழுவதற்கு ஒரு நொடி முன்னால் வாயில் போடும் அந்த லாவகத்தைப் பார்த்தால் இவரிடம் கட்டுப்பாடு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது உப்பும் இனிப்பும் கலந்த பிஸ்கட். இரண்டில் எது தூக்கல் என்று தீர்மானிக்க ஒன்று போதாது.

விஞ்ஞானத்திலும் மாமாவுக்குப் பக்தி உண்டு. தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சிக்காகத் தொடங்கி, 1958-ல் ஹைதராபாத்துக்கு வந்தது. நம்ம பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டதால் மாமாவுக்கு அது தாயாதி வீடு மாதிரி. 2024-ல் அவர்கள் வெளியிட்ட பதினேழு உணவு நெறிகளையும் படித்தார். எண்ணெயைக் குறை, சர்க்கரையைக் குறை, உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் என்பதையெல்லாம் ஆமோதித்துத் தலையாட்டினார். கடைப்பிடிக்க எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னும் பின்னும் காபி, டீ கூடாது. இதில் கடிகாரம் தவறாது. அதனால் காபி சாயங்காலம் ஐந்து மணிக்கு. வெறும் வயிற்றில் காபி ஆகாது, ஆகவே கட் மிர்ச்சி. பெரிய மிளகாயைக் கீறி, ஓமமும் புளியும் அடைத்துப் பொரித்து, துண்டு போட்டு மறுபடி பொரித்து, மேலே வெங்காயம் தூவி எலுமிச்சை பிழிவார்களே, அது. பேப்பரில் வைத்துத் தின்பதெல்லாம் மாமா கணக்கில் சாப்பாட்டில் சேராது.

இவருக்கு ஆபத்து விளைவிப்பது பஜ்ஜிகூட இல்லை, பாராட்டுதான். பார்க்கில் யாராவது போகிற போக்கில், "சார், கொஞ்செம் சன்னபட்டாரு!" என்று சொல்லிவிட்டால் போச்சு. இளைத்துவிட்டோம் என்று ஊர்ஜிதமானபின் பட்டினி எதற்கு? அன்றைக்கு மத்தியானம் சுடுசாதத்தில் முத்தபப்பு என்கிற கெட்டிப் பருப்பு, ஆவக்காய், மேலே நெய். மாமி முறைத்தால், "லைட் தீஸ்கோ" என்று, பெரிசா எடுத்துக்காதே என்கிற அர்த்தத்தில், இந்த ஊர்த் தெலுங்கில் தப்பித்துக்கொள்வார்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. மாமாவுக்காகச் செய்த கொர்ரலு (தினை) உப்புமாவும் வேகவைத்த சுரைக்காயும் தினம் மிஞ்சின. வீணாக்க மனசு வராமல் மாமி சாப்பிட்டார். மாடிப்படி ஏற்றம் வேறு. சங்கராந்திக்குத் தைத்த ரவிக்கை உகாதிக்குள் தொளதொளவென்று ஆகிவிட்டது. செக்கப்புக்குப் போனபோது டாக்டர் மாமியின் பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கினார். மாமாவுக்குப் புதிதாக ஒன்று எழுதினார்.

மறுநாள் காலையில் நடைக் கோஷ்டி மாமாவைச் சூழ்ந்துகொண்டது. மாமி எப்படி இப்படி இளைத்தார், என்ன டயட், எந்த ஜிம்? மாமா ஷூ லேஸை நிதானமாக இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"எல்லாம் நம்ம கோச்சிங்தான்" என்றார்.