வாங்கியும் செய்யாதவர்

லஞ்சம் வாங்குவது பாபம் என்பதில் நம்மவர்களுக்குள் அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால், வாங்கிக்கொண்ட பிறகு காரியத்தை முடித்துக்கொடுக்காமலிருப்பது மகாபாபம் என்பதில் அவர்கள் காட்டுகிற ஆவேசத்தில் காலே அரைக்கால் பங்கைக்கூட முதற்சொன்ன பாபத்தின் விஷயத்தில் காட்டி நான் கண்டதில்லை. பட்டா மாற்றத்துக்கு மனுப் போட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் மரத்தடியில் காத்திருக்கும் குடியானவரிடம், உள்ளே இருக்கிற குமாஸ்தா எப்படிப்பட்டவர் என்று விசாரித்துப் பாருங்கள். "தங்கமான மனுசருங்க, வாங்கினா முடிச்சுக் குடுத்துடுவாரு" என்பார். வாங்காமலே முடித்துக்கொடுக்கிறவரைப் பற்றி இத்தனை வாத்ஸல்யத்தோடு யாரும் பேசுவதில்லை. அவரிடம் ஏதோ சூது இருக்கிறதென்றே சந்தேகிக்கிறார்கள்.

குடியானவரைக் குறைசொல்லவும் இடமில்லை. தஞ்சை ஜில்லாக்காரரான கே. சந்தானத்தின் தலைமையில் 1962-இல் அமைந்த ஊழல் தடுப்புக் கமிட்டியே, பணம் கொடுக்கிறவர்களில் பலர் அக்கிரமமான காரியம் எதையும் கோரவில்லை, நியாயமாக நடக்கவேண்டிய காரியம் சுருக்க நடந்தால் போதுமென்றுதான் கொடுக்கிறார்கள் என்று எழுதி, அந்தப் பணத்துக்கு 'வேகப்பணம்' என்கிற நாமகரணத்தையும் பதிவுசெய்தது. வண்டிச் சத்தம் கொடுத்தவன், வண்டி நகரவேண்டுமென்று எதிர்பார்ப்பது இயல்புதானே!

இந்தத் தர்மசாஸ்திரம் தெரியாமல் கெட்டவர் பிரான்ஸிஸ் பேக்கன். கட்டுரை எழுதிப் பிழைக்கிற எங்கள் குலத்துக்கு மூதாதை போன்றவரும், உத்தியோகஸ்தர்கள் பரிதானத்துக்கு இடங்கொடுக்கலாகாதென்று உபதேசித்து எழுதியவரும், இங்கிலாந்தின் லார்ட் சான்ஸலராக அமர்ந்து நியாயம் வழங்கியவருமான அந்த மகானுபாவர்மீது, 1621-இல் பார்லிமெண்டு 28 குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. முதலில் புகார் கொடுத்தவர்கள் ஆப்ரே, எகர்ட்டன் என்ற இரு வழக்காளிகள். முன்னவர் 100 பவுனும் பின்னவர் 400 பவுனும் கொடுத்திருந்தும், தீர்ப்பு இருவருக்குமே விரோதமாகப் போய்விட்டது. பணத்துக்காக நீதியை வளைத்ததில்லை என்று பேக்கன் சாதித்தார். அதற்கு இந்த இருவரைவிடச் சிறந்த சாட்சிகள் வேறு யார் அகப்படுவார்கள்? ஆனாலும் பிரபுக்கள் சபை 40,000 பவுன் அபராதம் விதித்து, அவரை லண்டன் கோட்டைச் சிறைக்கும் அனுப்பிவைத்தது.

ரெவின்யூ இலாகாவில் சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவிடம் இந்தச் சரித்திரத்தைச் சொன்னேன். "கொடுத்தவனா தோத்தான்?" என்று இரண்டு தரம் கேட்டு ஊர்ஜிதம் செய்துகொண்டவர், "அப்படியானால் அது லஞ்சமில்லையடா, சுத்தத் திருட்டு!" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

சிறைவாசம் சில நாட்களில் முடிந்ததென்றும், அத்தனை பெரிய அபராதத்தை ஜேம்ஸ் ராஜா வசூலிக்காமலே விட்டுவிட்டாரென்றும் பேக்கனுக்குப் பரிந்து நான் மேலும் சொன்னபோது, மாமா பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"அது சரி, ராஜாவை யாருடா போய்ப் பார்த்தது?"