ஒரு பெயர், பல பிறவி: சேதராப்பட்டை ஆய்வெல்லையாகக் கொண்ட தலைப்பியல் ஆராய்ச்சி

தமிழில் ஒரே தலைப்பைச் சூடிக்கொண்டு, தங்களுக்குள் எந்தச் சொந்தபந்தமும் இல்லாமல் நடமாடும் படைப்புகளைப் பற்றி முறையான ஆய்வு நிகழ்ந்ததாக இக்கட்டுரையாளர் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்படாமல் இருப்பதற்கு வேண்டிய முன்னெச்சரிக்கைகளையும் அவர் எடுத்துக்கொண்டார். ஆகவே இதை முதல் ஆய்வு என்று கொள்வதில் தடையொன்றும் இல்லை.

ஔவையார் ஒருவரா பலரா என்பதற்குத் தமிழறிஞர்கள் செலவிட்ட மையைக் கணக்கிட்டால் ஊசுட்டேரி இன்னொரு தடவை நிரம்பும். சங்கப் பாடல் பாடியவரும் ஆத்திசூடி எழுதியவரும் ஒருவராக இருக்க முடியாது என்று கடைசியில் ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். சந்திரலேகா யார் என்று கேட்கத்தான் ஆளில்லை. 1948இல் எஸ். எஸ். வாசன் முரசுகளின் மேல் ஆடவிட்டவள் ஒருத்தி. 1995இல் விஜய் படத்தில் வந்தவள் ஒருத்தி. 2014இல் சன் டி.வி.யில் நுழைந்து, இரண்டாயிரம் எபிசோடுகளுக்கு மேல் துன்பப்பட்டு, 2022இல்தான் வெளியே வந்தவள் ஒருத்தி. ஐந்நூறு ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளர் இம்மூவரையும் ஒருவராக்கி, முரசாட்டக்காரியின் முதுமைக்கால அல்லல்களே பிற்காலப் பனுவலாக விரிந்தன என்று பட்டம் வாங்கிவிடக்கூடும். அதைத் தடுப்பதும் இவ்வாய்வின் நோக்கங்களுள் ஒன்று.

ஆய்வெல்லை வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டு. காரணம் உண்டு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்த ஊரில், ஒரு பொருளுக்கு இரண்டு உரிமையாளர் இருப்பது யாரையும் அதிர்ச்சிக்குள்ளாக்காது. பக்கத்து ஊசுட்டேரியே பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. போதாதற்குத் தொழிற்பேட்டை. காலை ஆறு மணி ஷிப்ட் முடித்தவர்களும் மதிய ஷிப்டுக்கு வந்தவர்களும் இரண்டு மணி வாக்கில் ஒரே டீக்கடையில் மோதிக்கொள்வார்கள். மூன்று தலைமுறை ரசிகர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைக்கும் இப்படியொரு ஆய்வுக்கூடம் பல்கலைக்கழகத்தில் கிடைக்காது. டீயும் கிடைக்காது.

தரவாளர்கள் மூவர். செக்யூரிட்டி வேலை பார்க்கும் பெரியவர், ஒப்பந்தத் தொழிலாளியான நடுவயதுக்காரர், கம்பெனி வேனில் வந்திறங்கிய இளம்பெண். வினாநிரலில் வினா ஒன்றே: “ராஜா ராணி பாத்திருக்கீங்களா?”

“பாக்காம என்னா? சிவாஜி சாக்ரடீசா வந்து விஷத்தக் குடிப்பாரே” என்றார் பெரியவர்.

“சாக்ரடீசா? அது எந்த எபிசோடு தாத்தா?”

“எபிசோடு இல்லம்மா, அது படம். ஆர்யா, நயன்தாரா” என்று நடுவர் போலக் குறுக்கிட்டார் ஒப்பந்தத் தொழிலாளி.

பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “சாக்ரடீஸ் கூட ஆர்யாவா?”

மூவரும் பொய் சொல்லவில்லை. கலைஞர் வசனத்தில் ஏ. பீம்சிங் இயக்கிய ராஜா ராணி 1956. அட்லீயின் முதல் படமான ராஜா ராணி 2013. விஜய் டி.வி. தொடர் 2017இல் தொடங்கியது, பிறகு அதற்கு இரண்டாம் பாகமும் வந்தது. டீ மாஸ்டர் வழக்கைத் தீர்க்கத் தன் போனில் தேடினார். முதலில் தொடரின் புரோமோ, அடுத்து அட்லீ படத்தின் பாட்டு, அதற்கடுத்துத் தொடரின் இன்னொரு புரோமோ. பாலாடை படிந்த கட்டை விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். சாக்ரடீஸ் வருவதற்குள் ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: தலைப்பு படைப்பைச் சுட்டுவதில்லை, பேசுகிறவரின் வயதைச் சுட்டுகிறது. நியாயப்படி, பின்னால் வந்தவன்தான் அடைமொழி சுமக்க வேண்டும். நடப்பது தலைகீழ். 2007இல் வெற்றிமாறன் எடுத்தது வெறும் ‘பொல்லாதவன்’. 1980இல் ரஜினி நடித்தது ‘பழைய பொல்லாதவன்’. முதல் உரிமையாளர் தன் சொந்தப் பெயருக்கு முன்னால் ‘பழைய’ போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போகிறார். 2026 பொங்கலுக்குச் சிவகார்த்திகேயன் நடித்த பராசக்தி வந்ததும், 1952இன் பராசக்திக்கும் அதே கதிதான். இத்தனைக்கும் தமிழ் சினிமாவில் அதற்கு மேல் பெரிய அறிமுகப் படம் இல்லை.

இங்கே சொத்துரிமை பற்றி ஒரு கிளை ஆய்வு தேவைப்படுகிறது. ரஜினியின் பொல்லாதவன் (1980), தங்கமகன் (1983), படிக்காதவன் (1985), மாப்பிள்ளை (1989) நான்கும் முறையே 2007, 2015, 2009, 2011ஆம் ஆண்டுகளில் தனுஷுக்குப் போய்ச் சேர்ந்தன. மாப்பிள்ளை மட்டும் மறுஆக்கம். மற்ற மூன்றிலும் கைமாறியது பெயர் மட்டுமே. தனுஷ் அப்போது ரஜினியின் மருமகன் என்பதை ஆய்வாளன் கவனிக்காமல் இருக்க முடியாது. நாஞ்சில் நாட்டில் கவிமணி கேலி செய்து ஒழித்துக்கட்டிய மருமக்கள்வழி, கோடம்பாக்கத்தில் இருபத்தோராம் நூற்றாண்டிலும் தழைத்திருக்கிறது. நாஞ்சில் நாட்டு மருமகன் சகோதரி மகன் என்று சட்டம் படித்தவர்கள் ஆட்சேபிக்கலாம். அவர்கள் தனியாகக் கட்டுரை எழுதிக்கொள்ளட்டும். மேலும் மாவீரன், வேலைக்காரன் இரண்டும் சிவகார்த்திகேயனுக்குப் போயிருப்பதால், உறவுமுறை இல்லாதவருக்கும் உயிலில் இடமுண்டு என்று தெரிகிறது.

அரசாங்கமும் இதில் கொஞ்சம் குற்றவாளி. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று 2006இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ‘ஜில்லுனு’ அந்த ஆண்டுதான் ‘சில்லுனு’ ஆயிற்று; ‘எம்டன் மகன்’ வெறும் ‘எம் மகன்’ ஆனான். புதிய தமிழ்ப் பெயரை யோசிப்பதைவிட, நன்றாகத் தமிழ் வழங்கிய காலத்துப் பெயரை எடுத்துக்கொள்வது எளிது. நீதிமன்றமும் குறுக்கே நிற்கவில்லை. ‘தேசி பாய்ஸ்’ என்ற இந்திப் படத்தின் பெயர் தொடர்பான வழக்கில், வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டது. ஆகத் தலைப்புக்குக் காவல், தயாரிப்பாளர் சங்கங்களின் பதிவேடுதான்.

இனி இக்கட்டுரையின் தலையாய கண்டுபிடிப்புக்கு வருவோம். ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராம் இயக்கிய படங்கள் மூன்று: மீரா (1992), குருதிப்புனல் (1995), வானம் வசப்படும் (2004). மூன்றுமே ஏற்கெனவே இருந்த பெயர்கள். மீரா, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி 1945இல் நடித்த படம். குருதிப்புனல், கீழ்வெண்மணிக் கொடுமையை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதி 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். வானம் வசப்படும், புதுச்சேரிக்காரர் பிரபஞ்சன் எழுதி 1995இல் அதே விருது பெற்ற நாவல். துய்ப்ளேக்சும் ஆனந்தரங்கப் பிள்ளையும் உலவும் இந்த மண்ணின் கதை. சேதராப்பட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அந்த நாவலுக்குள் இறங்கிவிடலாம். படத்துக்குள் இறங்க வழியில்லை. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒருவர் எடுத்தது மூன்று, மூன்றும் பெயரொற்றுமை. நூற்றுக்கு நூறு என்ற விகிதத்தைச் சமூக அறிவியலில் காண்பது அரிது. முன்னொரு படம், பின்னிரண்டு அகாதெமி நாவல்கள் என்ற ஏறுமுகத்தைப் பார்த்தால், அவர் நான்காவது படம் எடுக்காததில் இன்றைய விருதாளர்கள் நிம்மதி கொள்ள இடமுண்டு.

குருதிப்புனல் விஷயத்தில் இன்னும் ஆழமான விதியொன்று புதைந்திருக்கிறது. அந்த நாவலை வைத்து உண்மையிலேயே ஒரு படம் வந்தது. 1983இல் ஸ்ரீதர் ராஜன் எடுத்த அதன் பெயர் கண் சிவந்தால் மண் சிவக்கும். பெயரை வாங்கிக்கொண்ட கமல் படமோ இந்தி ‘துரோகால்’ வழி வந்த போலீஸ் கதை. பெற்ற பிள்ளை வேறு பெயரில் வளர, குடும்பப் பெயரை அயலான் சூடிக்கொள்கிறான். கிளறக் கிளற இதே கதை. பூமணியின் வெக்கை அசுரன் ஆயிற்று. ஜெயமோகனின் துணைவன் விடுதலை ஆயிற்று. புதுவைக்காரர்களுக்கு இது புதிதல்ல: பாரதிதாசனின் எதிர்பாராத முத்தம் 1950இல் பொன்முடி என்ற பெயரில் திரைக்கு வந்தது. இயக்கியவர் மேலே சொன்ன அதே டங்கன். மறுபக்கம், 2005இல் பொன்னியின் செல்வன் என்று ராதாமோகன் ஒரு படம் எடுத்தார். வந்தியத்தேவனைத் தேடி உள்ளே போனவர்கள் கடைசிவரை தேடியிருப்பார்கள். ஜெயகாந்தன் இரண்டையும் அனுபவித்தார். சில நேரங்களில் சில மனிதர்கள் 1977இல் அவருடைய கதையாகவே வந்தது, 2022இல் சம்பந்தமில்லாமல் வந்தது.

சிக்கலுக்குத் தீர்வு கேட்டபோது ஒப்பந்தத் தொழிலாளி சொன்ன யோசனையே சிறந்தது. இந்தச் சாலையில் போகும் வண்டிகளுக்குப் பி.ஒய்., டி.என். என்று பலகை இருப்பதுபோல் தலைப்புக்கும் பதிவு எண் கொடுத்துவிட வேண்டும்; முதலில் வந்தவருக்கு ஒன்றாம் எண். நடைமுறையில் ஒரே இடையூறுதான். விடுதலை என்ற தலைப்புக்கு வரிசையில் நிற்பவர்களுள் சிலர் 1986இல் சிவாஜியும் ரஜினியும் நடித்த படம், 2023இலும் 2024இலும் வெற்றிமாறன் எடுத்த இரண்டு பாகங்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னால் 1935இலிருந்து பெரியார் இயக்கத்தின் ஏடு நின்றுகொண்டிருக்கிறது. ஒன்றாம் எண்ணை ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கத் தயாரிப்பாளர்கள் சம்மதிப்பார்களா என்று கேட்டுச் சொல்ல, சென்னைப் பக்கம் போகிறவர்கள் யாராவது தேவை.